இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் எழுதியாச்சு, இனி பராமரிப்பது எப்படி? (டெபியன், உபுண்டு, மின்ட்)

உங்கள் மென்பொருளின் ரெப்போவையும் (பேக்கேஜ்கள் இருக்கும் சர்வர்), அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியையும் ஏபிடியில் (டெபியன் குடும்பத்தின் பேக்கேஜ் நிறுவி) சேர்த்து நிறுவும் ஸ்கிரிப்ட் இது. அதில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. போன வருடம் ஓடியது இந்த வருடம் ஓடாது. அடியில் இருக்கும் டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) மாறியிருக்கும். டெபியன் 12, உபுண்டு 24.04 இரண்டும் சிஸ்டம் பைத்தானில் பிப் (பைத்தான் பேக்கேஜ் நிறுவி) மூலம் நேரடியாக எதையும் நிறுவ விடாது. டெபியன் 13-இல் ஏபிடி-கீ என்ற, சாவி சேர்க்கும் பழைய கட்டளையே கிடையாது. இவை எரர் காட்டி நிற்பவை, எளிதில் பிடிபடும். எதுவும் சொல்லாமல் சொதப்புபவைதான் ஆளைக் கொல்லும்.

படி 1: செட் கட்டளையில் ஈ (கட்டளை தோற்றால் நிறுத்தும்), யூ (மதிப்பு தராத மாறியைத் தொட்டால் நிறுத்தும்), பைப்ஃபெயில் (பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று எடுக்கும்) மூன்றையும் போடுங்கள். ரீட்மீயிலும் 'பாஷ்' என்றே ஓட்டச் சொல்லுங்கள். 'எஸ்ஹெச்' என்று எழுதினால் உபுண்டுவில் ஓடுவது டேஷ், பாஷ் அல்லாத வேறொரு ஷெல். முதல் வரியில் பாஷ் என்று நீங்கள் குறிப்பிட்டிருந்தாலும் அது கண்டுகொள்ளாது.

படி 2: கர்லுக்கு (இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் கட்டளை) எஃப் கொடி கட்டாயம். அது இல்லையென்றால் 404 பக்கத்தையே சாவிக்கோப்பாகச் சேமித்துவிட்டு, வெற்றி என்று சொல்லிவிடும். ஏபிடி பிறகு கையொப்பப் பிழை காட்டும்போது எல்லோரும் தப்பான இடத்தில் தேடுவார்கள்.

படி 3: கோட்நேம் (டிஸ்ட்ரோ பதிப்பின் செல்லப்பெயர்). அதிகம் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் உள்ள வெர்ஷன்_கோட்நேமை எடுத்து ரெப்போ முகவரியில் ஒட்டுவது வழக்கம். லினக்ஸ் மின்ட் 22-இல் அது 'வில்மா' என்று வரும். உங்கள் ரெப்போவில் 'வில்மா' எங்கே இருக்கப்போகிறது? அங்கே உபுண்டு_கோட்நேமில்தான் 'நோபிள்' இருக்கும். அதை முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் மற்றதை எடுங்கள். ஆனால் டெபியனில் உபுண்டு_கோட்நேம் என்ற மாறியே இல்லை. படி 1-இல் போட்ட யூ அந்த இடத்திலேயே ஸ்கிரிப்டை நிறுத்திவிடும். அதனால் மாறியைப் படிக்கும்போதே வெற்று மதிப்பை இயல்பாகக் கொடுத்துவிடுங்கள்.

படி 4: டிஸ்ட்ரோவின் சோர்சஸ்-லிஸ்ட் கோப்பை செட் (எஸ்-ஈ-டி) வைத்துத் திருத்தாதீர்கள். புதிதாக நிறுவிய உபுண்டு 24.04-இல் அந்தக் கோப்பில் இருப்பது 'ரெப்போ விவரம் வேறு கோப்புக்குப் போய்விட்டது' என்ற குறிப்பு மட்டும். மாற்ற எதுவும் கிடைக்காவிட்டாலும் எஸ்-ஈ-டி பூஜ்யத்தையே (வெற்றி என்ற குறி) திருப்பும், அதனால் ஸ்கிரிப்ட் நிற்காது. சோர்சஸ்-லிஸ்ட்-டி கோப்புறையில் உங்களுக்கென்று தனிக் கோப்பு வையுங்கள், சாவியை கீரிங்ஸ் கோப்புறையில் போடுங்கள். சாவிக்கு அனுமதி 644 இருக்க வேண்டும். 600 ஆக விழுந்தால் ஏபிடியின் தனிப் பயனரால் படிக்க முடியாமல், சாவியே இல்லை என்று புலம்பும்.

படி 5: ஷெல்செக் (ஸ்கிரிப்டில் பிழை பிடிக்கும் கருவி) ஓட்டுங்கள். பிறகு ஆதரிக்கும் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு டாக்கர் கன்டெய்னரில் (தனித்த சிறு லினக்ஸ் சூழல்) சோதியுங்கள். அடிப்படை இமேஜில் சூடோவும் கர்லும் இருக்காது, சர்வீஸ்களைத் தொடங்கும் சிஸ்டம்டி ஓடாது. சர்வீஸ் தொடங்கும் பகுதிக்கு நிஜமான விஎம் (மெய்நிகர் கணினி) வேண்டும். தொடக்கக்காரர்களுக்கு ஆன்சிபிள் (சர்வர் அமைப்பைத் தானாகச் செய்யும் கருவி) தேவையில்லை, அது இன்னொரு பராமரிப்புச் சுமை.

இந்தச் சோதனை மாதம் ஒருமுறை தானாக ஓடட்டும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (கிட்ஹப்பின் தானியங்கிச் சேவை) வைத்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பொது ரெப்போவில் 60 நாள் எந்த அசைவும் இல்லையென்றால் கால அட்டவணை தானாக அணைந்துவிடும். நீங்கள் எட்டிப் பார்க்காத ப்ராஜெக்டுக்குத்தான் அந்தச் சோதனை வேண்டும், அதற்குத்தான் நின்றுபோகும்.

படி 6: ஆவணம். ரீட்மீயில் உள்ள கட்டளைகளைப் பிரித்தெடுத்து அதே கன்டெய்னரில் ஓட்டுங்கள். கையால் ஒப்பிட்டுப் பார்ப்பது நாலு மாதம்கூடத் தாங்காது. ஆதரிக்கும் பதிப்புகளை எழுதுங்கள், மற்றவற்றில் ஸ்கிரிப்டே காரணம் சொல்லி நிற்கட்டும். சென்ட்ஓஎஸ் 7 (ரெட்ஹேட் வழி டிஸ்ட்ரோ) ஆயுள் 2024 ஜூன் 30-இல் முடிந்தது, அதற்கான கிளையை இன்னும் சுமக்க வேண்டாம். எந்தெந்தக் கோப்புகளை வைக்கிறது, எப்படி நீக்குவது என்பதற்கு நாலு வரி போதும்.

பின்சேர்க்கை: ஸ்கிரிப்டை மெயின் ஃபங்ஷனுக்குள் வைத்துக் கடைசி வரியில் அழைத்தால் பாதியில் அறுந்த டவுன்லோடு அப்படியே ஓடிவிடும் ஆபத்து போய்விடும். ஆனால் கர்லிலிருந்து பைப் செய்யும்போது 'ஆமாவா இல்லையா' என்று கேட்கும் ரீட் கட்டளைக்கு உள்ளீடு வராது, ஈ கொடி சத்தமில்லாமல் வெளியேற்றிவிடும். ரீடை டெவ்-டிடிஒய்-இலிருந்து (பயனரின் டெர்மினல்) படிக்கச் சொல்லுங்கள். கன்டெய்னரில் டிடிஒய் இருக்காது என்பதால், கேள்வியைத் தாண்டிப் போக ஒரு 'யெஸ்' கொடியும் சேர்க்க வேண்டிவரும்.