விதைநெல்லில் காசு மிச்சம் பிடிப்பவர்களுக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் புதிதாக வேளாண்மை செய்ய வரும் தம்பிமார் ஒவ்வொரு பெரும்போகத்திலும் நாங்கள் அந்தக் காலத்தில் விட்ட பிழைகளையே திரும்ப விடுகிறார்கள். உரம் எப்போது, மருந்து எவ்வளவு என்பதை விவசாயப் போதனாசிரியரே சொல்லித் தருவார். அதை விடுவோம். அந்தப் பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தெரிந்தவரிடம் விதைநெல் வாங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். வெல்லாவெளிப் பக்கம் ஒரு தம்பி, அத்தாட்சி அட்டை உள்ள விதைநெல் விலை கூட என்று யாரோ ஒருவரின் களத்து நெல்லை வாங்கி வீசிவிட்டார். கதிர் பழுக்கிற நேரம் என்னைக் கூட்டிப்போய், "பாருங்க அண்ணன், அந்தப் பக்கம் எப்படி உசந்து நிக்குது!" என்றார். ஆசையோடுதான் காட்டினார், பாவம். உசந்து நின்றது முழுக்கப் பன்றிநெல், அதாவது பயிரோடு களையாக முளைக்கும் நெல். ஒரு கதிரை மெல்ல உருவினேன், மணியெல்லாம் கையோடு வந்துவிட்டது. மணி நுனியில் மீசை. நகத்தால் உமியை உரித்தால் உள்ளே சிவப்பு.

இதுவும் நெல் இனம்தான். அதனால் பயிரை விட்டு இதை மட்டும் கொல்ல நம் வழமையான களைநாசினியால் முடியாது. வெட்டுக்கு முன்பே கொட்டி, மண்ணுக்குள் வருடக்கணக்கில் உறங்கும். விதையில் மிச்சம் பிடித்த காசு அடுத்தடுத்த போகங்களில் ஆள்கூலியாகப் போகும்.

வாங்குமுன் ஒரு பிடி நெல்லை உமி நீக்கிப் பாருங்கள். பிஜி 352 போன்ற வெள்ளை இனத்தில் சிவப்பு மணி தெரிந்தால் வேண்டாம். ஏடி 362 சிவப்பு அரிசி என்பதால் அதில் இந்தச் சோதனை சரிவராது.

ஏற்கெனவே பன்றிநெல் விழுந்த வயலா? ஈரம் கொடுத்து முளைக்கவிட்டு, உழுது அழித்துவிட்டு விதையுங்கள். வரிசையில் நட்டால் இடையில் முளைப்பது கண்ணில் படும். மணி முற்றுமுன் பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோங்கள். வரம்பில் போட்டுவிட்டு வராதீர்கள்.

வெட்டு மெஷினை அப்படியே இறக்குவது

முந்தி வெட்டிய வட்டையின் (வயல்வெளியின்) பன்றிநெல் அதற்குள் இருக்கும். துப்புரவாக்கிய பிறகு இறக்குங்கள். ஓட்டுநர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

விதையை அள்ளி வீசுவது

ஏக்கருக்கு 2 புசல் (ஏறக்குறைய 40 கிலோ) போதும்.

ஆரம்பக் கூட்டத்துக்குப் போகாதது

போகம் தொடங்குமுன் விவசாயிகளைக் கூட்டி நடத்தும் கூட்டம் இது. உன்னிச்சைக் குளமோ நவகிரிக் குளமோ, தண்ணீர் திறக்கிற நாளும் பூட்டுகிற நாளும் அங்கேதான் முடிவாகும்.

ஈர நெல்லை வயலிலேயே விற்பது

14 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் நெல் சந்தைப்படுத்தும் சபை எடுக்காது. அப்புறம் வியாபாரி சொன்னதுதான் விலை.