போர் விளையாட்டு மோட்களில் நாஜிச் சின்னம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரை வைத்து வந்த ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 என்ற கணினி விளையாட்டுக்கு மோட் (விளையாட்டை மாற்ற ரசிகர்கள் செய்யும் தொகுப்பு) செய்யப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கை வைப்பது ஜெர்மனியின் கொடியில்தான். 1936-இல் தொடங்கும் விளையாட்டில் ஸ்வஸ்திகா இல்லையே என்று வரலாற்றைச் சரிசெய்யக் கிளம்பிவிடுவார்கள். நானும் அந்த வழியாக வந்தவன்தான். கொடிப் படம் 82-க்கு 52 பிக்சல் இருக்க வேண்டும் என்பது போன்ற சங்கதிகள் எந்த வழிகாட்டியிலும் கிடைக்கும். இங்கே சட்டத்தோடு உரசும் தவறுகளை மட்டும் பார்க்கலாம்.

“2018-லேயே அனுமதித்துவிட்டார்களே”

விளையாட்டுகளில் நாஜிச் சின்னத்தை ஜெர்மனி அனுமதித்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 86-ஏ பிரிவு அப்படியேதான் இருக்கிறது. தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் சின்னங்களைப் பொதுவில் பயன்படுத்தினாலோ பரப்பினாலோ மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம். கலை, ஆய்வு, கல்வி, வரலாற்றுச் செய்தி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. சினிமாவுக்குக் கிடைத்த அந்த விலக்கு விளையாட்டுகளுக்குக் கிடைக்காமலே இருந்தது. நாஜிகளைச் சுடும் வொல்ஃபென்ஸ்டைன் 3டி விளையாட்டின் வழக்கில் 1998-இல் ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் தந்த தீர்ப்பு அதற்கு ஒரு காரணம். 2018 ஆகஸ்டில், ஜெர்மனியில் விளையாட்டுகளுக்கு வயதுத் தரச்சான்று தரும் யூ.எஸ்.கே. அமைப்பு, இனி ஒவ்வொரு விளையாட்டையும் தனித்தனியாகப் பரிசீலிப்போம் என்றது. நடந்தது அவ்வளவுதான். உங்கள் மோட்டை யாரும் யூ.எஸ்.கே.க்கு அனுப்பப் போவதில்லை, யாரும் பரிசீலிக்கவும் போவதில்லை.

சின்னத்தை முதன்மை மோட்டுக்குள்ளேயே கலப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஓர் அணிக்கு உதவப் போயிருந்தேன். வரைபடம், படைப்பிரிவுகள், நிகழ்வுகள் எல்லாம் பிரமாதமான உழைப்பு. மோட்டைத் தரவிறக்கும் இணையப் பக்கம் ஒருநாள் நீக்கப்பட்டது. “கொடியை மாற்றி மறுபடி ஏற்றிவிடலாம், அரை மணி நேர வேலை” என்றார் அணித்தலைவர். கொடி உண்மையிலேயே அரை மணி நேர வேலைதான். மூன்று அளவுகள், மூன்று கோப்புகள்.

அப்புறம்தான் மற்றவை கண்ணில் பட்டன. தளபதிகளின் படங்களில் காலர் பட்டையில் எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் ரூனிக் எழுத்து, தொப்பியில் மண்டையோடு. விளையாட்டு ஏறும்போது வரும் திரையில் போட்டிருந்த பழைய புகைப்படத்தின் பின்னணியில் ஸ்வஸ்திகா பதாகை. பிஎஃப் 109 போர் விமானத்தின் வாலில் ஒரு ஸ்வஸ்திகா. பக்கத்தின் முகப்புப் படத்திலேயே ஒன்று. நீக்கப்பட்டதற்கு அதுவே போதும். எல்லாப் படங்களையும் அடுக்குகளைச் சேர்த்துத் தட்டையாக்கிச் சேமித்திருந்தார்கள், மூலக்கோப்பு ஒன்றுகூட இல்லை. அணியில் வரைபட வேலை பார்த்தவர் ஜெர்மனியில் வசிப்பவர். அங்கிருந்து இதை வெளியிட்டால் வழக்கு வருவது அவர் மேல்தான். விலகிவிட்டார். அதோடு வரைபட வேலையும் நின்றது.

இத்தனைக்கும் காரணமாகச் சொன்னது “வரலாற்று உண்மை”. அதே மோட்டில் பான்சர் டாங்கியின் கோபுரத்தில் ஸ்வஸ்திகா வரைந்திருந்தார்கள்! ஜெர்மன் டாங்கிகளின் அடையாளக் குறி பால்கன்க்ராய்ட்ஸ் என்னும் சிலுவை. ஸ்வஸ்திகா கொடியைப் பின்பக்கம் விரித்துப் போட்டதெல்லாம் சொந்த விமானங்கள் குண்டு போட்டுவிடக் கூடாதே என்பதற்காக. அந்தச் சிலுவைக்கு ஜெர்மனியில் தடையும் இல்லை. உண்மையை வரைந்திருந்தால் சிக்கலே வந்திருக்காது.

வழி எளிது. முதன்மை மோட்டில் சின்னமில்லாத படங்கள் இருக்கட்டும். சின்னமுள்ளவை அதே கோப்புப் பெயர்களோடு தனித் துணை மோட்டில் போகட்டும். முதன்மை மோட்டைச் சார்ந்தது என்று அதன் விவரக் கோப்பில் குறித்துவிட்டால் அதற்குப் பிறகு ஏறி அதன் படங்களை மேலெழுதிக்கொள்ளும். சட்டச் சிக்கல் இதனால் மறைந்துவிடாது: துணை மோட்டை யார் வெளியிடுகிறார், எந்த நாட்டிலிருந்து என்ற கேள்வி அப்படியே நிற்கும். ஆனால் அது நீக்கப்பட்டாலும் முதன்மை மோட்டின் உழைப்பு தப்பிக்கும். முதல் நாளே பிரித்தால் ஒரு மாலை வேலை. பிறகு பிரிக்கப் போனால் பாதி மோட்டைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஸ்வஸ்திகாவை மட்டும் தேடி அழிப்பது

86-ஏ பிரிவு கொடியோடு நிற்பதில்லை. சீருடை, முழக்கம், வணக்கமுறை எல்லாம் அதில் வரும். நிகழ்வுகளின் உரையையும் ஒலிக் கோப்புகளையும் சேர்த்தே பாருங்கள்.

சின்னத்தைக் கொஞ்சம் வளைத்து வரைவது

குழப்பும் அளவுக்கு ஒத்திருந்தால் அதுவும் அதே குற்றம்.

“நம்ம ஊர் ஸ்வஸ்திக்தானே”

சிவப்புக் கொடியின் வெள்ளை வட்டத்துக்குள் வைத்துவிட்டு இந்த வாதம் வேண்டாம்.

ஃபின்லாந்தை மறப்பது

ஃபின்லாந்து விமானப்படையின் நீல ஸ்வஸ்திகா 1918-இலேயே வந்தது, விமானங்களில் 1945 வரை இருந்தது. நாஜிகளோடு அதற்குப் பிறப்புத் தொடர்பு இல்லை. ஆனால் புகார் பொத்தானை அழுத்துகிறவர் இதையெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார். அதையும் துணை மோட்டில் போடுவதே என் பழக்கம்.

ஜெர்மனியோடு கணக்கை முடிப்பது

ஆஸ்திரியாவுக்கு 1947-இன் தடைச் சட்டமும் 1960-இன் சின்னங்கள் சட்டமும் தனியாக இருக்கின்றன. யூ.எஸ்.கே. சொன்னது அங்கே செல்லாது.