பைபர் வள்ளத்துக்கு மினுக்கம்: பூச்சுத் தெரிவில் விடக்கூடாத பிழைகள்

மாரி விட்டதும் கரையில் ஏற்றிக் கவிழ்த்த வள்ளங்களைச் சுற்றிப் பூச்சு வேலை தொடங்கிவிடும். புதிதாக வள்ளம் எடுத்தவர்கள் இப்போது விடுகிற பிழைகள், பழைய கைகள் ஒரு காலத்தில் விட்டுக் காசு கரைத்த அதே பிழைகள்தான். உப்பைக் கழுவாமல் தேய்க்கக்கூடாது, ஈரத்தின்மேல் பூசக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விடுவோம்.

ரெசின் அடித்து மினுக்குவது

“அண்ணை, பாய் ஒட்டின ரெசின் மிச்சம் கிடக்கு, ஒரு கோட் அடிச்சு விடுவமே?”

எத்தனை தரம் சொன்னாலும் இந்தக் கேள்வி திரும்ப வரும். அடித்த அன்று வள்ளம் கண்ணாடிபோல மினுங்கும், ஆபத்தே அதில்தான். பைபர் பாய் (வள்ளத்தின் உடலாகும் கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டும் பிசினான சாதாரண பொலியெஸ்டர் ரெசினின் மேற்பரப்பு காற்றுப் படும்போது முழுதாக இறுகாது. காற்றிலுள்ள ஒட்சிசன் இறுகலைத் தடுக்கும். அடுத்த பாய் அதன்மேல் நன்றாகப் பிடிக்கட்டும் என்று அப்படியே விடப்படுகிற பொருள் அது. வெளிப்பூச்சாக அடித்தால் விரல் வைத்த இடமெல்லாம் பிசுபிசுக்கும். கரையில் காற்று அள்ளி வரும் மணலும் மீன் செதிளும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

உடனே சிலர் ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரைக் கூட்டுவார்கள். 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி போதும். 40 மில்லி ஊற்றினால் சூடேறி, நொறுங்கும் தன்மை வந்து மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். பிசுபிசுப்பு மட்டும் போகாது. (இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்க வேண்டாம், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் கலக்கி முடித்த பிறகே ஹார்டனர்.)

மெழுகுக் கரைசல் கலந்தால் மேற்பரப்பு இறுகும், சரி. ஆனாலும் அந்த ரெசினில் நிறமியும் இல்லை, வெயிலைத் தாங்கும் சேர்மானமும் இல்லை. வள்ளத்தின் வெளித்தோலான ஜெல்கோட் என்பது இவை சேர்த்தே செய்த ரெசின். யாழ்ப்பாணத்து வெயிலில் வெறும் ரெசின் பழுப்பேறும். அடியில், வெயிலில் மக்கிய ஜெல்கோட்டின் வெள்ளைப் பொடி இருந்திருந்தால் அது பிடித்திருப்பது அந்தப் பொடியைத்தான், வள்ளத்தை அல்ல. பிறகு செதிள் செதிளாகக் கழரும்.

கழரத் தொடங்கினால் திருத்துவது பெரிய வேலை. இறுகிய ரெசினைத் தின்னர் கரைக்காது. 80 அல்லது 120 தேய்ப்புக் கடதாசி போட்டு மெஷினால் தேய்க்க வேண்டும். ஜெல்கோட்டின் தடிப்போ ஏறக்குறைய அரை மில்லிமீற்றர்தான். கை சற்று அழுத்தினால் உள்ளே இருக்கும் பாயின் இழை தெரிய வரும். அப்படித் தெரிந்தால் முழுவதும் ஜெல்கோட் போட வேண்டியதுதான். 18 அடி வள்ளத்தின் இரு பக்கமும் பின்பலகையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 100 சதுர அடி. அரை மில்லிமீற்றர் தடிப்புக்கு 5 முதல் 6 கிலோ ஜெல்கோட் போகும், கூலி வேறு. மிச்ச ரெசினை வீணாக்காமல் அடித்ததற்கு இவ்வளவு செலவு.

பொடிக்கு மேல் பூசுவது

காய்ந்த உள்ளங்கையை வள்ளத்தின் பக்கத்தில் அழுத்தித் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பு தொட்டதுபோல வெள்ளை ஒட்டினால், அது வெயிலில் மக்கிய ஜெல்கோட். மெழுகோ, செரமிக்கோ (கண்ணாடிபோல இறுகும் திரவப் பூச்சு) எதுவும் அதன்மேல் நிற்காது. வோட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் கடதாசி) தண்ணீர் விட்டு 800, 1000, 1500 என்ற வரிசையில் தேயுங்கள். பிறகு கட்டிங் கொம்பவுண்ட் (மேற்பரப்பை அராவும் பசை), அதன் பிறகு பொலிஷ். மக்கல் மேலோட்டம் என்றால் கொம்பவுண்ட் மட்டும் போதும், கடதாசியே வேண்டாம். மெஷினை 1500 சுற்றுக்கு மேல் விடாமல், ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். விளிம்புகளில் ஜெல்கோட் சீக்கிரம் தேயும், அங்கே கையால்தான்.

சிலிக்கோன் கலந்த கார் பொலிஷ்

மலிவு, கடையில் உடனே கிடைக்கும், மினுக்கமும் நல்லது. வள்ளம் கல்லில் உரசி ஜெல்கோட் போட வேண்டி வரும் நாளில்தான் வினை தெரியும். பூசிய ஜெல்கோட் சின்னச் சின்னக் குழிகளாக ஒதுங்கி நிற்கும், பெயின்ற்றும் அப்படியே. துடைக்காமல் தேய்த்தால் சிலிக்கோன் கடதாசியோடு இன்னும் பரவும். டப்பாவில் சிலிக்கோன் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

செரமிக்கை வெயிலில் பூசுவது

அதற்கு முன் ஒரு கேள்வி: வள்ளம் தினமும் மணலில் இழுபடுகிறதா? இழுபட்டால் செரமிக்குக்குக் கொடுக்கும் காசு மணலோடு போகும். மெழுகை ஒன்றிரண்டு மாதத்துக்கொரு முறை பக்கங்களில் பூசுவது போதும். நங்கூரமிட்டு நிற்கிற, ஆட்களை ஏற்றுகிற வள்ளமென்றால் செரமிக் பொருந்தும்.

பூசுவதானால் விடியற்காலையில், நிழலில், வள்ளம் கைக்குக் குளிர்ந்திருக்கும்போது. 2 அடிக்கு 2 அடி என்று பிரித்துக்கொண்டால் 25 துண்டு வரும். ஒரு துண்டில் பூசி, டப்பாவில் சொன்ன நேரத்தில் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும். நம்மூர்ச் சூட்டில் அந்த நேரம் இன்னும் குறையும். தவறவிட்ட இடம் மங்கல் திட்டாக இறுகிவிடும். திரும்ப பொலிஷ் போட்டுத்தான் எடுக்கலாம். பூசிய பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது.

நீர்மட்டத்துக்குக் கீழே மெழுகு

வேண்டாம். பாசி பிடியாமலிருக்க அடிக்கும் பெயின்ற் அதன்மேல் ஒட்டாது.

குமிழிக்கு மருந்தாகப் பூச்சு

ஜெல்கோட்டில் கொப்புளம்போல எழும் குமிழிக்கு மினுக்கப் பூச்சு ஆகாது. அதற்கு எபொக்சி என்ற வேறு ரெசின்.

பாத்திரம் கழுவும் சோப்பு

பழைய மெழுகைக் கழற்ற உதவும். பூசிய பிறகு அதையே வாராவாரம் போட்டால் புது மெழுகையும் கழற்றும். இதமான சோப்பும் நல்ல தண்ணீரும் போதும்.

மறுபடி எப்போது பூசுவது என்று அறிய, கழுவிய வள்ளத்தில் ஒரு கை நல்ல தண்ணீரைத் தெளியுங்கள். மணி மணியாக உருண்டு விழுந்தால் விட்டுவிடலாம். படலமாகப் பரவி ஒட்டி நின்றால் மெழுகு டப்பாவை எடுங்கள்.