நீச்சல் குளத்தில் இருக்கும்போது நிலநடுக்கம் வந்தால்

தரை ஆடுவது அரை நிமிடத்தில் நின்றுவிடலாம், குளத்துத் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. 25 மீட்டர் குளத்தில் ஒரு அலை மறுகோடிக்குப் போய்த் திரும்பச் சுமார் 12 விநாடி ஆகும், அது பல தடவை நடக்கும். 2025 மார்ச் 28 அன்று மியான்மரில் நிலம் அதிர்ந்தபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பாங்காக்கில் அடுக்குமாடிகளின் உச்சியிலிருந்த குளங்களில் இருந்து தண்ணீர் அருவி மாதிரி கொட்டியது. மொட்டைமாடிக் குளம் என்றால் வெளிப்பக்கத் தடுப்பை விட்டு முதலில் விலகுங்கள்.

தண்ணீருக்குள் இருந்தால் அருகிலிருக்கும் ஓரத்துக்கு வந்து விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், குழந்தை கூட இருந்தால் அதைச் சுவருக்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவே ஏணியில் ஏறாதீர்கள், வழுக்கி மண்டையில் அடிபடும். அதிர்வு குறைந்ததும் சட்டென்று வெளியேறிவிடுங்கள். கடலோரம் என்றால், ஆட்டம் நீண்ட நேரம் நீடித்திருந்தால் சுனாமி அறிவிப்புக்குக் காத்திராமல் நேராக மேட்டுக்குப் போங்கள்.

கூரை போட்ட குளத்தில் ஆபத்து தலைக்கு மேலே. 2005 ஆகஸ்டில் ஜப்பானின் செண்டாய் நகரில் ஒரு உள்ளரங்கக் குளத்தின் தொங்கு கூரை பெயர்ந்து விழுந்து பலர் காயமடைந்தார்கள். கையில் கிக்போர்டு (நீந்தும்போது பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகை) இருந்தால் தலைக்கு மேல் பிடியுங்கள், ஒன்றும் இல்லாததற்கு அது மேல். கண்ணாடிச் சுவர் பக்கம் போகவே வேண்டாம். வெறுங்காலோடு கண்ணாடித் துண்டு மேல் நடப்பதுதான் அடுத்த தொல்லை, செருப்பைக் குளத்தருகே விட்டு வைக்கும் பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும்.

சரி, குளத்தை நடத்துபவர்களுக்கு. பெரும்பாலானோர் கண்டுகொள்ளாத இடம் ரசாயன அறை. ஆசிட் கேனும் குளோரின் பவுடரும் ஒரே அலமாரியில் இருந்து விழுந்து கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் வேறு வேறு அறையில், தாழ்வான தட்டில், தனித்தனித் தொட்டிக்குள் வையுங்கள், அலமாரியைச் சுவரோடு பூட்டிவிடுங்கள். வாயு காற்றை விடக் கனமானது, தரையோடு படரும், ஆகவே நெடி வந்தால் குனியாமல் காற்று வரும் திசையை நோக்கி மேடான இடத்துக்குப் போகச் சொல்லுங்கள். விசில் எத்தனை அடித்தால் என்ன அர்த்தம், எங்கே கூடுவது, யார் தலையை எண்ணுவது என்பதை லைஃப்கார்டுகளோடு முன்பே ஒத்திகை பாருங்கள்.

அப்புறம், எல்லோரும் வெளியேறியதும் பம்ப்புக்கும் நீரடி விளக்குகளுக்கும் போகும் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்துங்கள், ஆனால் ஈரத்தில் நின்று சுவிட்சைத் தொடாதீர்கள். நீர்மட்டத்தைக் குறித்து வைத்தால் விரிசல் இருக்கிறதா என்பது மறுநாள் தெரிந்துவிடும். பதறிப்போய்க் குளத்தைக் காலி செய்ய வேண்டாம், நிலத்தடி நீர் உயரமாக இருந்தால் காலித் தொட்டியையே மேலே தூக்கிவிடும். அந்தத் தண்ணீர் கழிப்பறைக்கும் தீயணைப்புக்கும் உதவும், குடிக்க ஆகாது.