சரவாங்கி மருந்து: நாம் போடும் தப்புக் கணக்குகள்

மாட்டுங்கா பூக்கடையில் முழம் பேசிக்கொண்டிருந்த மாமி ஒருவர், என் விரல் வீக்கத்தைப் பார்த்துவிட்டு என்ன மருந்து என்று விசாரித்தார். சரவாங்கி என்கிற மூட்டு நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் என்றேன். "ஐயோ, அது கேன்சர் மருந்துன்னா! முடியெல்லாம் கொட்டிடுமே" என்றார். செம்பூர், சயான், தாராவி என்று மும்பைத் தமிழர்கள் இருக்கும் இடத்திலெல்லாம் இதைக் கேட்டிருக்கிறேன். பயந்து மருந்தை விட்டவர்களையும் எனக்குத் தெரியும்.

மாமி சொன்னதில் பாதி உண்மை. அது ரத்தப் புற்றுநோய்க்கென்று வந்த மருந்துதான். 1940-களில் அமெரிக்காவில் அதை உருவாக்கிய ஆராய்ச்சிக் குழுவின் தலைவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அதோடு நாங்கள் சேர்த்துப் போடும் ஃபோலிக் ஆசிடைச் செயற்கையாகத் தயாரித்ததும் அவர் குழுதான். ஆனால் புற்றுநோய்க்குச் சில சமயம் கிராம் கணக்கில் ஏற்றுகிறார்கள். முடக்குவாதத்துக்கு, அதாவது நம் பாட்டிகள் சரவாங்கி என்று சொன்ன நோய்க்கு, வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். முடி கொஞ்சம் மெலியலாம். மொட்டையாவதெல்லாம் கிடையாது.

நான் பார்த்தவரை பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்த காகிதத்தைப் பிரித்து, பக்கவிளைவுகளையெல்லாம் தராசின் ஒரு தட்டில் கொட்டுகிறோம். மறு தட்டில் எதையும் வைப்பதில்லை. மருந்து சாப்பிடாவிட்டால் உடம்பு சும்மா இருக்கும் என்று நினைப்பு. சரவாங்கி சும்மா இருக்காது. நம் எதிர்ப்புச் சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்கி, எலும்பு ஓரங்களை அரிக்கிறது. பலருக்கு முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே எக்ஸ்ரேயில் அரிப்பு தெரிந்துவிடும். அரித்த எலும்பு திரும்ப வராது. கட்டுக்குள் வராத அழற்சி நுரையீரலையும் தொடும், மாரடைப்பு வாய்ப்பையும் கூட்டும். காலையில் ஹார்பர் லைன் லோக்கலில் கைப்பிடியைப் பிடிக்க விரல் மடங்காத நாட்கள் எனக்கு இருந்தன. அதையும் தட்டில் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

அடுத்தது உயிருக்கே ஆபத்தான தவறு, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள் மட்டும் சாப்பிடும் மருந்து. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு, கெமிஸ்ட் பழக்க தோஷத்தில் அட்டை மேல் "ரோஜ் ஏக்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பாட்டியும் தினமும் ஒன்று போட்டார். ஒரு வாரம் தாண்டியதும் வாயெல்லாம் புண், ரசம்கூட இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தால் வெள்ளை அணுக்கள் தரைமட்டம். ஃபோலினிக் ஆசிட் என்ற மாற்று மருந்தை ஊசியில் ஏற்றித் தேற்றினார்கள். எல்லோரும் அப்படித் தப்புவதில்லை. ஆகவே நாளைக் குறியுங்கள். வேலைக்குப் போகிற பலர் சனிக்கிழமை ராத்திரி வைத்துக்கொள்கிறார்கள், குமட்டல் வந்தாலும் ஞாயிறு வீட்டில் படுத்துக்கொள்ளலாம். ஃபோலிக் ஆசிட் வேறொரு நாளில். சமையலறைக் காலண்டரில் தமிழில் பெரிதாக எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். வாய்ப்புண், காரணமில்லாத காய்ச்சல், விடாத வறட்டு இருமல், மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த டோஸுக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு டாக்டர் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தாகக் குறையலாம்.

அப்புறம் பொறுமை. இந்த மருந்து வேலை காட்ட 6 முதல் 12 வாரம் ஆகும். பத்தாம் நாளே "ஒண்ணும் கேக்கலை" என்று விட்டுவிட்டு, டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைத் தினமும் விழுங்குவது நடக்கிறது. வலி மாத்திரை வலியைத்தான் குறைக்கும், அரிப்பை நிறுத்தாது. மாதக்கணக்கில் போட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

இந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைக் கொஞ்ச நாளைக்குத் தருகிறார்கள். நான் ஏமாந்தது இதில்தான். போட்ட இரண்டாம் நாளே ஜாடி மூடியைத் திறந்தேன், தேங்காய் துருவினேன். இவ்வளவு நல்ல மருந்தை ஏன் நிறுத்த வேண்டும் என்று, பழைய சீட்டையே காட்டி எட்டு மாதம் வாங்கிச் சாப்பிட்டேன். எந்தக் கடையிலும் ஒரு கேள்வி இல்லை. முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினேன். அது முதல் தவறைவிட மோசம். சில வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டால் உடம்பு தன் பங்குக்குச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென்று விட்டால் தலைசுற்றி ரத்த அழுத்தம் விழும். டாக்டர் சொல்லும் கணக்குப்படி படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். லேபிள் இல்லாத பொட்டலத்தில் வரும் "வாதப் பொடி" இரண்டே நாளில் வலியைப் போக்கினால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுவதும் தப்பில்லை. என்ன சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

மெத்தோட்ரெக்சேட் போதவில்லை என்றால் சல்ஃபாசலசின், ஹைட்ராக்சிக்ளோரோகுயின் இவற்றைச் சேர்ப்பார்கள். பிந்தையதற்குக் கண் பரிசோதனை உண்டு. பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப்போடுகிறார்கள். விழித்திரை பாதிப்பு ஆரம்பத்தில் நமக்குத் தெரியாது, அதற்குத்தான் அந்தப் பரிசோதனையே.

அதற்கும் மேலே பயாலஜிக்ஸ், அதாவது அழற்சியைத் தூண்டும் புரதத்தைக் குறிவைத்துத் தடுக்கும் ஊசிகள். அடலிமுமாப், எட்டனர்செப்ட் போன்றவை. மும்பைக்காரர்கள் செய்யக்கூடாத தவறு, காசநோய் பரிசோதனையைச் சடங்காக நினைப்பது. உலகிலேயே காசநோயாளிகள் அதிகமுள்ள நாடு நம்முடையது. இந்த நகரத்தின் நெரிசலோ சொல்லவே வேண்டாம். காசநோய்க் கிருமி நுரையீரலில் ஓசையில்லாமல் உறங்கலாம். அதை அடைத்து வைத்திருக்கும் சுவரைக் கட்ட டிஎன்எஃப் என்ற புரதம் உதவுகிறது, இந்த ஊசிகள் தடுப்பதும் அதையேதான். குழந்தையில் போட்ட பிசிஜி தடுப்பூசியால், மாண்டோ என்ற தோல் பரிசோதனை சில சமயம் குழப்பும். இக்ரா என்ற ரத்தப் பரிசோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை. மார்பு எக்ஸ்ரே, மஞ்சள்காமாலை பி, சி பரிசோதனையும் சேர்த்தே எடுப்பார்கள். வீட்டில் யாருக்காவது எப்போதாவது டிபி இருந்ததென்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஊசி தொடங்கிய பிறகு மழைக்காலக் காய்ச்சலை பாராசிட்டமாலோடு வீட்டிலேயே வைத்துப் பார்க்கக்கூடாது. காய்ச்சலின்போது அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்.

"ஊசியை விட மாத்திரை சாது" என்பதும் தப்புக் கணக்கு. இதே நோய்க்குத் தரும் டோஃபாசிட்டினிப் மாத்திரைதான், ஆனால் 2021-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குக் கடுமையான எச்சரிக்கை கொடுத்தது. 50 வயதைத் தாண்டி, இதயநோய் வாய்ப்பும் உள்ளவர்களை ஆராய்ந்தபோது, மாரடைப்பு, ரத்தக்கட்டு, புற்றுநோய் எல்லாம் டிஎன்எஃப் ஊசிக்காரர்களைவிட அதிகமாகத் தெரிந்தன. அக்கியும் வரலாம். புகைபிடிக்கும் 60 வயது மாமாவுக்கும் 30 வயதுப் பெண்ணுக்கும் இதே மாத்திரையின் எடை ஒன்றல்ல.

அந்தப் பெண் குழந்தைக்குத் திட்டமிட்டால் கணக்கே வேறு. மெத்தோட்ரெக்சேட்டும், சரவாங்கிக்கே தரும் இன்னொரு மருந்தான லெஃப்ளுனோமைடும் கருவுக்கு ஆகாது. முன்னது சில மாதம் முன்பே நிற்க வேண்டும், பின்னது உடம்பிலிருந்து வெளியேற நெடுநாள் ஆவதால் தனி மருந்து கொடுத்துக் கழுவ வேண்டியிருக்கும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே என்று இதைப் பேசாமல் வந்துவிடுகிறார்கள் நம் பெண்கள். தனியாகப் போய்க் கேளுங்கள். ஹைட்ராக்சிக்ளோரோகுயின் போலக் கர்ப்பத்திலும் தொடரக்கூடியவை இருக்கின்றன.

காசையும் டாக்டரிடம் பேசலாம். அடலிமுமாபுக்கு உலகின் முதல் பயோசிமிலர், அதாவது அசலைப் போலவே வேறு கம்பெனி செய்யும் ஊசி, 2014-ல் இந்தியாவில்தான் வந்தது, அதன் பிறகு விலை நிறையவே இறங்கியிருக்கிறது. ஒரு ஊசியின் விலையை மட்டும் கேட்டுக்கொண்டு வராமல், ஒரு வருடத்துக்கு எத்தனை, பரிசோதனைகள் எத்தனை, நிறுத்தினால் நோய் திரும்புமா, காப்பீடு எதைத் தரும் என்று எழுதிக்கொண்டு போங்கள். என் நோட்டில் கடைசியாக எழுதியிருக்கும் கேள்வி, "வீக்கம் போயி ஒரு வருஷமாச்சு, டோஸைக் குறைக்கலாமா?" மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அதுவரை சனிக்கிழமை ராத்திரி ஆறு மாத்திரை.