டர்பனில் மெட்ரிக் என்றால் வேறு

நம் ஊரில் மெட்ரிக் என்பது டை கட்டிய பிள்ளைகள் போகிற ஒரு வகைப் பள்ளி. தென்னாப்பிரிக்காவில் அது பன்னிரண்டாம் வகுப்பு. அந்த வகுப்பில் படிக்கிற பிள்ளைக்கும் அதே பெயர்தான். வந்த புதிதில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "உங்க பையன் மெட்ரிக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இல்லை ஆன்ட்டி, சி.பி.எஸ்.இ." என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை.

எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு டர்பன் பக்கம் வந்து இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனியார் பள்ளிக்குப் போகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. நாங்கள் அரசுப் பள்ளியில்தான் போட்டோம். மூத்தவன் முடித்துவிட்டான், இளையவள் பதினொன்றில் இருக்கிறாள்.

முதலில் நாள்காட்டி. பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும், நான்கு டெர்ம். உயர்நிலைப் பள்ளி கிரேட் 8-இல் தொடங்கும். ஊரில் ஏப்ரலில் முழுப் பரீட்சை எழுதிவிட்டு வருகிற பிள்ளை இங்கே ஆண்டின் நடுவில் வந்து நிற்கும். நடப்பு வகுப்பிலேயே மிச்சத்தைப் படிக்கச் சொல்வார்கள். ஆறு மாதம் வீணாகிறது என்று மல்லுக்கட்டாதீர்கள். மொழியும் பழக்கமும் பிடிபட அந்த ஆறு மாதம் வேண்டும். அடுத்த ஆண்டுக்குச் சேர்ப்பதானால் முந்தைய ஆண்டின் நடுவிலேயே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். ஜனவரியில் போய் நின்றால் நல்ல பள்ளிகளில் இடம் இருக்காது.

காகிதங்கள்: பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், பிள்ளைக்கான படிப்பு விசா, கடைசி இரண்டு ரிப்போர்ட், டி.சி., வீட்டு முகவரிக்கு ஆதாரமாகத் தண்ணீர், மின்சார பில் அல்லது வாடகை ஒப்பந்தம். இவற்றில் சிக்கல் வராது. சிக்கல் வருவது பெயரில். படிவத்தில் சர்நேம் என்றொரு கட்டம் இருக்கும். நமக்கோ இனிஷியல்தான். என் மகன் பெயர் ஒரு ரிப்போர்ட்டில் அப்பா பெயரோடும், இன்னொன்றில் ஒற்றை எழுத்தோடும், மூன்றாவதில் தலைகீழாகவும் வந்து, மெட்ரிக் பரீட்சைக்குப் பதிவு செய்கிற நேரத்தில் அலையோ அலை என்று அலைந்தோம். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். பெயர் கூப்பிடும்போது நாயுடூ, கவெண்டர், பிள்ளே, மூட்லி என்று வகுப்பில் கேட்கும். எல்லாம் நம்மவர்கள் பெயர்தான், 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் தொட்டு இங்கே வந்து சேர்ந்தவர்களின் வாரிசுகள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் "நாங்க தமிழ்" என்பார்கள். அது கும்பிடுகிற முறையைச் சொல்வது. பிள்ளை குழம்பிப்போய் வந்து கேட்கும், சொல்லிவையுங்கள்.

பணத்துக்கு வருவோம். அரசுப் பள்ளிகளை வட்டாரத்தின் வறுமையைப் பார்த்து ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் மூன்று படிகளில் இருப்பவை கட்டணம் இல்லாத பள்ளிகள். மேல் இரண்டு படிகளில் உள்ளவை கட்டணம் வாங்கலாம். எவ்வளவு என்பதைப் பிரின்சிபால் முடிவு செய்வதில்லை. ஆண்டுக்கொரு முறை பெற்றோர் கூட்டத்தில் பட்ஜெட்டை வைத்து, வந்திருப்பவர்களின் பெரும்பான்மை வாக்கில் நிர்ணயிக்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு நான் போகவில்லை. ஊரில் பெற்றோர் கூட்டம் என்றால் திட்டு வாங்குகிற கூட்டம் என்ற நினைப்பு. வீட்டில் இருந்துவிட்டுப் பிறகு கட்டணம் ஏறிவிட்டதே என்று புலம்பினேன். கட்டணமும் பள்ளி கேட்கிற மற்ற செலவுகளும் சேர்ந்து தாய் தகப்பன் இருவரின் ஆண்டு வருமானத்தில் 10 விழுக்காட்டைத் தொட்டால் முழு விலக்குக் கேட்கலாம். 2-லிருந்து 10-க்குள் என்றால் ஒரு பகுதி குறையும். நம்மவர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். இது சட்டத்தில் எழுதியிருக்கிற உரிமை. கட்டணம் பாக்கி என்பதற்காகப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தவும் கூடாது.

கவர்னிங் பாடி என்கிற பள்ளி நிர்வாகக் குழுவையும் தெரிந்துகொள்ளுங்கள். 1996-ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. பெற்றோர்கள்தான் அதில் பெரும்பான்மை. ஆசிரியர்களும், உயர்நிலைப் பள்ளியானால் மாணவர் மன்றத்துப் பிள்ளைகளும் உட்காருவார்கள். இந்த ஊர் இந்தியர்களுக்கு இது புதிதல்ல. அரசு பள்ளி கட்டித் தராத காலத்தில் காசு திரட்டித் தாங்களே கட்டினார்கள். 1929-இல் திறந்த சாஸ்திரி காலேஜ் அப்படி வந்ததுதான், இந்தியப் பிள்ளைகளுக்கான முதல் உயர்நிலைப் பள்ளி. கும்பகோணத்துக்குப் பக்கத்து வலங்கைமானில் பிறந்து, இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே வந்த சீனிவாச சாஸ்திரியின் பெயர் அது. காலேஜ் என்ற பெயரைப் பார்த்துப் பட்டப்படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி முக்கியமான சங்கதி. பத்தாம் வகுப்பில் இங்கே பொதுத் தேர்வு கிடையாது. அதைக் கேட்டதும் நம் பெற்றோருக்கு ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியில்தான் ஏமாந்துபோகிறோம். ஏனென்றால், கிரேட் 9 முடிகிற நேரத்தில் ஒரு தாளைக் கொடுத்து, அடுத்த மூன்று ஆண்டுக்கான பாடங்களை எழுதித் தரச் சொல்வார்கள். ஒரே ஒரு தாள், பெற்றோர் கையெழுத்து, அவ்வளவுதான். பிள்ளை பொறியியலுக்குப் போகுமா, மருத்துவத்துக்குப் போகுமா என்பதில் பாதி அந்தத் தாளிலேயே முடிந்துவிடுகிறது.

மொத்தம் ஏழு பாடம். இரண்டு மொழி, ஒரு கணக்கு, லைஃப் ஓரியன்டேஷன் என்கிற வாழ்க்கை நெறி வகுப்பு, விருப்பப் பாடங்கள் மூன்று. பெரும்பாலான பள்ளிகளில் கணக்கில் இரண்டு வகை உண்டு: மேத்தமாட்டிக்ஸ், மேத்தமாட்டிக்கல் லிட்டரசி. இரண்டாவதைச் சுருக்கமாக மேத்ஸ் லிட் என்பார்கள். சம்பளச் சீட்டு, வட்டி, வரைபடம் என்று அன்றாடக் கணக்கு. அதில் 90 வாங்கினாலும் பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ கதவு திறக்காது. மேத்தமாட்டிக்ஸிலிருந்து லிட்டுக்கு இறங்கலாம். லிட்டிலிருந்து ஏறுவது நடைமுறையில் நடக்காத காரியம். கிரேட் 9-இல் 45 வாங்குகிற பிள்ளையிடம், "லிட் எடுத்தால் நிம்மதி" என்று பள்ளியே சொல்லக்கூடும். நல்லெண்ணத்தில் சொல்வதாகவும் இருக்கலாம், பள்ளியின் தேர்ச்சி விகிதத்தை நினைத்துச் சொல்வதாகவும் இருக்கலாம். கையெழுத்துப் போடும் முன் இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். விருப்பப் பாடங்களில் ஃபிசிக்கல் சயின்ஸஸ் என்பது இயற்பியலும் வேதியியலும் சேர்ந்தது, லைஃப் சயின்ஸஸ் நம் உயிரியல். அக்கவுன்டிங், டூரிசம், எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ் எல்லாம் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆகவே கிரேட் 8-இல் சேர்க்கும்போதே, "கிரேட் 10-இல் என்னென்ன பாடம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள்.

மதிப்பெண் மனநிலையையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். மெட்ரிக் தேறுவதற்கு வீட்டு மொழியில் (ஹோம் லாங்குவேஜ் என்று பள்ளியில் எடுக்கிற முதல் மொழி, வீட்டில் பேசுவது அல்ல) 40, வேறு இரண்டு பாடத்தில் 40, மூன்றில் 30 போதும். இதைக் கேட்டு என் மாமனார் போனில் சிரித்தார். ஆனால் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்குத் தகுதி வேண்டுமானால் லைஃப் ஓரியன்டேஷன் தவிர்த்துக் குறைந்தது நான்கு பாடங்களில் 50 வாங்கியாக வேண்டும். நல்ல படிப்புகளுக்கு அதற்கும் எவ்வளவோ மேலே வேண்டும். 80 வந்தால் டிஸ்டிங்ஷன். கிரேட் 12-இல் பெரும்பாலான பாடங்களில் 25 விழுக்காடு ஆண்டு முழுவதும் பள்ளியில் செய்கிற வேலைக்குப் போகிறது. கடைசி மூன்று மாதம் விடிய விடியப் படித்துச் சமாளிக்கிற நம் வித்தை இங்கே முழுசாகச் செல்லாது.

நம் பிள்ளைகளைக் கவிழ்ப்பது கணக்கு அல்ல, ஆங்கிலம். இந்தப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலத்தை வீட்டு மொழித் தரத்தில்தான் நடத்துகிறார்கள். மொழி, இலக்கியம், எழுத்து என்று மூன்று தாள், மேற்கொண்டு வாய்மொழித் தேர்வு. முன்பின் பார்க்காத கவிதையைக் கொடுத்து, "உனக்கு என்ன தோன்றுகிறது, ஏன்?" என்று கேட்பார்கள். நோட்ஸை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிற பிள்ளை அங்கே முழிக்கும்.

இரண்டாம் மொழி பெரும்பாலும் ஜூலு அல்லது ஆப்பிரிக்கான்ஸ். உள்ளூர்ப் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியிலிருந்தே படித்து வந்திருப்பார்கள். நம் பிள்ளை கிரேட் 8-இல் அ, ஆவிலிருந்து தொடங்க வேண்டும். கிரேட் 7-இலோ அதற்கு மேலோ வந்து சேர்ந்த குடியேறிய பிள்ளைகளுக்கு ஒரு அலுவல் மொழியை விட்டுவிட்டு வேறு பாடம் எடுக்கச் சலுகை உண்டு. எழுத்தில் கேட்டால்தான் கிடைக்கும். என் மகள் சலுகை வேண்டாம் என்று ஜூலுவே எடுத்தாள். பல பள்ளிகளில் இன்று ஜூலு பேசும் பிள்ளைகள்தான் அதிகம், துணைக்கு ஆளிருக்கிறது. அந்த மொழியில் நாக்கைச் சொடுக்கிச் சொல்லும் ஒலிகள் மூன்று வகை. தோழி ஒருத்தி இவளுக்குச் சொடுக்கக் கற்றுக்கொடுத்தாள், பதிலுக்கு இவள் "வாழைப்பழம்" கற்றுக்கொடுத்தாள். இரண்டு பேரும் தேறவில்லை என்று கேள்வி.

தமிழ்? மெட்ரிக் பாடப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. நாட்டின் அரசமைப்புச் சட்டத்திலேயே போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயர் வருகிறது. ஆனால் பள்ளியில் நடத்த ஆள் இருக்க வேண்டுமே. ஆள் இல்லாத பள்ளிகள்தான் அதிகம். கோயில்களிலும் தமிழ்ச் சங்கங்களிலும் வார இறுதி வகுப்பு நடக்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

அன்றாட வாழ்க்கை சுலபம். காலை எட்டுக்கு முன்பே மணி அடித்து, இரண்டு இரண்டரைக்கு விட்டுவிடும். சனிக்கிழமை பள்ளி கிடையாது. பிள்ளையை அடிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. "நாலு போடு போட்டாவது படிக்க வையுங்க சார்" என்று வேடிக்கைக்குக்கூடச் சொல்லிவிடாதீர்கள். மாலையில் கிரிக்கெட், கால்பந்து, நெட்பால். ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடுங்கள், நட்பு அங்கேதான் கிடைக்கும். போக்குவரத்துக்கு நாலைந்து பெற்றோர் சேர்ந்து வேன் பேசிக்கொள்வார்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லுங்கள். டக் ஷாப் என்கிற பள்ளித் தின்பண்டக் கடையில் சமூசா கிடைக்கும். தீபாவளிக்குப் பொது விடுமுறை இல்லை, முன்கூட்டியே கடிதம் கொடுத்தால் போதும்.

கடைசியாக மெட்ரிக் டான்ஸ். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஜோடி சேர்ந்து கோட்டும் கவுனும் போட்டு, வாடகைக் காரில் வந்து இறங்குகிற விருந்து. கல்யாண வீட்டுச் செலவு வைத்துவிடும். முதலில் நான் முடியாது என்றுதான் சொன்னேன். மகனுக்கு ஒரு கோட் இரவல் வாங்கிச் சமாளித்தோம். மகளுக்கு அடுத்த ஆண்டு. என் கூறைப் புடவையை இப்போதே கேட்டு வைத்திருக்கிறாள், வெட்டிக் கவுன் தைப்பதற்கு.