இணையக் கடையை விற்பவர் வாங்குபவருக்குக் காட்ட வேண்டிய கணக்கு

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை கைமாறுகிறது என்றால், வாங்க வருபவர் எதிர்ப்பக்கம் நின்று, எத்தனை பேர் பையோடு வெளியே வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். இணையத்தில் மட்டும் நடக்கும் கடைக்கு எதிர்ப்பக்கம் என்று ஒன்று இல்லை. இன்ஸ்டாகிராமில் சுடிதார் துணி விற்பவரானாலும், காசிமேட்டுக் கருவாட்டைக் கூரியரில் அனுப்புபவரானாலும், வாங்குபவர் நின்று பார்ப்பதற்கான இடத்தை விற்பவரே கணக்கின் வழியாக அமைத்துத் தர வேண்டும்.

இதற்கு விற்பதற்கு ஓராண்டு முன்பே தயாராக வேண்டும். வீட்டு மளிகையும் கடை வரவும் ஒரே வங்கிக் கணக்கில் ஓடுமானால், முதல் வேலையாகத் தனி நடப்புக் கணக்கு தொடங்குங்கள். பன்னிரண்டு மாதக் கணக்கையும் முழுமையாகக் காட்டுங்கள். ஆடித் தள்ளுபடியையும் தீபாவளியையும் மட்டும் காட்டினால் துணி வணிகம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். புரட்டாசியை மறைத்தால் கருவாட்டு வணிகமும் அப்படித்தான்.

அடுத்தது இலாபம். பலரும் தடுமாறுவது இங்கேதான், ஏனெனில் வீட்டார் உழைப்புக்கு யாரும் கூலி எழுதுவதில்லை. சரக்கு, கூரியர், விளம்பரம், திரும்பி வந்த பார்சல்களின் செலவு எல்லாம் போக மாதம் 60,000 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்சல் கட்டுவது உங்கள் வீட்டார் என்றால், வாங்குபவர் அந்த வேலைக்கு 18,000 ரூபாய் சம்பளத்தில் ஓர் ஆளை வைக்க வேண்டியிருக்கும். அவரைப் பொறுத்தவரை இலாபம் 42,000 ரூபாய்தான். ஆண்டு இலாபத்தின் இரண்டு மடங்கு என்று விலை பேசினால் 14,40,000 ரூபாய் எதிர்பார்த்த இடத்தில் 10,08,000 ரூபாய்தான் கிடைக்கும். இந்தக் கழிவை நீங்களே எழுதிக் காட்டுவது நல்லது. அவர் கண்டுபிடித்தால் மற்ற எண்களையும் சந்தேகிப்பார். கையிருப்புச் சரக்கைக் கொள்முதல் விலைக்குத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

ஆதாரம் என்பது ஸ்கிரீன்ஷாட் அல்ல. நான் என் சிறிய துணிக்கடையை விற்றபோது அழகாக நாற்பது ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். வாங்க வந்த சவுகார்பேட்டை வியாபாரி அவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மடிக்கணினியை எதிரில் வைக்கச் சொல்லி, தீபாவளி மாதத்தில் ஏதோ ஓர் ஆர்டர் எண்ணைத் தொட்டு, அதன் பில், கூரியர் எண், வங்கியில் பணம் ஏறிய நாள் ஆகியவற்றை வரிசையாகக் கேட்டார். ஆர்டர் கொடுத்தவர் மறுத்துத் திருப்பி அனுப்பிய கேஷ் ஆன் டெலிவரி பார்சல் அது. என் கணக்கிலோ விற்பனையாகவே கிடந்தது. அந்த மாதம் முழுவதையும் மீண்டும் கணக்கிட்டோம், விலையும் இறங்கியது. குறை என்னுடையதுதான்.

ஆகவே ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டிக்காக நீங்கள் தாக்கல் செய்யும் விற்பனை விவரம்), பேமென்ட் கேட்வேயின் (வாடிக்கையாளரின் பணத்தை இணையத்தில் வசூலித்து உங்களுக்கு அனுப்பும் சேவையின்) செட்டில்மென்ட் அறிக்கை, வங்கி அறிக்கை ஆகிய மூன்றையும் மாதவாரியாக ஒப்பிட்டு, எங்கே தொகை வேறுபடுகிறதோ அங்கே காரணத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பெரிய விற்பனைத் தளங்கள் வழியாக விற்பவர்களுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. அத்தளங்கள் பிடிக்கும் வருமான வரி (2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதம், அதற்கு முன் 1 சதவீதம்) வருமான வரித் துறை உங்கள் பெயரில் வைத்திருக்கும் வரிப் பிடித்த அறிக்கையில் (படிவம் 26ஏஎஸ்) பதிவாகிறது. அது நீங்கள் தயாரித்த தாள் அல்ல என்பதே அதன் மதிப்பு.

கடைத் தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று காட்டும் கூகுள் அனலிடிக்ஸில் பார்வையிடும் அனுமதி மட்டும் கொடுங்கள், கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். கோடவுன் தெருவில் யாரிடம் சரக்கு எடுக்கிறீர்கள் என்பதையும், வாடிக்கையாளர்களின் கைபேசி எண்களையும், இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி முன்பணம் வருவதற்கு முன் சொல்ல வேண்டியதில்லை. விசாரிக்க வருபவர்களில் சிலர் நாளைய போட்டியாளர்களாகவும் இருக்கலாம்.

தனிநபர் வணிகத்தின் ஜிஎஸ்டி எண் உங்கள் பான் எண்ணோடு கட்டுண்டது, அது கைமாறாது. வாங்குபவர் தம் பெயரில் பதிவு பெற வேண்டும். மீதமுள்ள உள்ளீட்டு வரிக் கடனை (கொள்முதலில் நீங்கள் கட்டி, இன்னும் கழித்துக்கொள்ளாத ஜிஎஸ்டியை) ஐடிசி-02 படிவம் வழியாக அவருக்கு மாற்றலாம் என்பதால், ஆடிட்டரின் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்த பிறகே உங்கள் பதிவை ரத்து செய்ய விண்ணப்பியுங்கள். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவையும் அவர் புதிதாகப் பெற வேண்டும். பதிவான வணிகக்குறி இருந்தால் எழுத்து மூலமான உரிமை மாற்றம் தேவை.

பலரும் மறப்பது வாட்ஸ்அப் எண்ணை. ஆர்டர்கள் வரும் சிம் உங்கள் தாயார் பெயரிலோ தம்பி பெயரிலோ இருந்தால், அவரையும் அழைத்துச் சென்று முறைப்படி பெயர் மாற்றிக்கொடுக்க வேண்டும். டொமைனின் (கடையின் இணைய முகவரியின்) கட்டுப்பாட்டை மீட்டெடுக்க உதவும் மின்னஞ்சலை மட்டும், மீதித் தொகை உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு மாற்றிக்கொடுங்கள்.